பாங்கிக்காரர் சேர்த்த பட்டணங்கள்

கதாநாயகன் இல்லை, கதாநாயகி இல்லை, பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஓசைகூட இல்லாத ஊமைப் படம். பாரிஸ் பட்டணத்துக் கடைத்தெருவிலே குதிரை வண்டியும் மோட்டாரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. சுமையாள் சுமையோடு குறுக்கே கடக்கிறான். நியூபவுண்டுலாந்துக் கடலிலே மீனவர்கள் காட் மீனை இழுத்துக் கப்பல் தட்டிலே குவிக்கிறார்கள். பஞ்சாபிலே கபூர்தலா மன்னரின் பொன்விழா, யானைகள் வருகின்றன, ஓரத்திலே நின்று மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். படம் பிடிப்பவன் மன்னரைத்தான் பிடிக்க வந்தான். ஆனால் இன்று நாம் பார்ப்பது மன்னரை அல்ல, ஓரத்திலே நிற்பவர்களை!

இப்படிப்பட்ட படச்சுருள் 183,000 மீட்டர் சேர்ந்திருக்கிறது. ஒரு நுனியைச் சென்னையிலே பிடித்துக்கொண்டு நீட்டினால், மறு நுனி விழுப்புரத்தையும் தாண்டிப் போய் விழும். ஓட்டிப் பார்க்க நூறு மணி நேரத்துக்குக் குறையாது. அதோடு 72,000 வண்ணப் படங்கள், கண்ணாடித் தகட்டிலே எடுத்தவை. சுமார் 50 நாடுகள். 1909-லிருந்து 1931 வரை நடந்த வேலை இது. எந்த அரசாங்கமும் செய்யவில்லை, எந்தப் படக் கம்பெனியும் செய்யவில்லை. ஒரே ஒரு மனிதர், அதுவும் ஒரு பாங்கி முதலாளி, தம் கைப்பணத்தைக் கொட்டிச் செய்தார். ஆல்பர் கான் என்பது அவர் பெயர்.

முதலாளியைப் பற்றித் தொழிலாளி படிக்கும் ஏட்டிலே என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் படங்களிலே இருப்பவர்கள் யார்? தறி நெய்பவன், மீன் பிடிப்பவன், மண் சுமப்பவள், தெருக் கூட்டுபவன். அந்தப் படங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பூமிக்கு அடியிலே இறங்கி வெட்டியவனிடமிருந்து வந்தது. ஆகவே இது நம்மவர் கதையும் ஆகும்.

1860 மார்ச் 3-ஆம் நாள், பிரான்சின் கீழ்க்கோடியில் உள்ள அல்சேஸ் மாநிலத்திலே, மார்மூத்தியே என்ற சிற்றூரில் பிறந்தார். யூதக் குடும்பம். தகப்பனார் மாட்டு வியாபாரி. பெற்றோர் வைத்த பெயர் ஆபிரகாம். பத்து வயதிலே தாயை இழந்தார். அதே சமயத்தில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. 1871-இல் அல்சேஸ் ஜெர்மனியின் கைக்குப் போயிற்று. வீட்டிலே தாய் இல்லை. வெளியிலே நாடு இல்லை. பத்து, பதினோரு வயதுப் பையனுக்கு எல்லைக்கோடு என்றால் என்ன என்பதை வாத்தியார் சொல்லித் தரவில்லை; வாழ்க்கை சொல்லித் தந்தது. பின்னாளில் உலகத்து மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் போர் குறையும் என்று அவர் நம்பியதற்கு வித்து அங்கேதான் விழுந்தது என்று நாம் கருதுகிறோம்.

பதினாறு வயதிலே பாரிஸ் வந்தார். ஆபிரகாம் ஆல்பர் ஆனார். துணி வியாபாரத்திலே எடுபிடி வேலை, அப்புறம் கூத்ஷோ என்பவர்களின் பாங்கியிலே குமாஸ்தா. பகலிலே பேரேடு, இரவிலே பாடப் புத்தகம். பாடம் சொல்லிக் கொடுக்க ஒரு கல்லூரி மாணவரை அமர்த்திக்கொண்டார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அந்த மாணவ ஆசிரியர்தாம் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற தத்துவ அறிஞர் ஹென்றி பெர்க்சன். 1927-ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசு அவருக்குத்தான். சம்பளம் கொடுத்து ஏற்பட்ட அந்தத் தொடர்பு அறுபது ஆண்டு நட்பாக நின்றது.

குமாஸ்தா எப்படிக் கோடீசுவரர் ஆனார்? இதைச் சிலர் அறிவுத்திறன் என்று சொல்லி ஒரு வரியிலே கடந்துவிடுவார்கள். நாம் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1880-களிலே தென்னாப்பிரிக்காவில் தங்கமும் வைரமும் வெள்ளமாய்ப் புறப்பட்டன. கிம்பர்லியில் வைரம், டிரான்ஸ்வாலிலே தங்கம். ஐரோப்பியப் பங்குச் சந்தைகளில் சுரங்கப் பங்குகளுக்கு வெறி பிடித்தது. 1889-க்கும் 1893-க்கும் இடையே கான் அந்தச் சூதாட்டத்திலே இறங்கினார்; வென்றார்; பெரும் பணம் சேர்த்தார். கூத்ஷோ பாங்கியிலேயே பங்காளி ஆனார். 1898-இல் சொந்தப் பாங்கி வைத்தார். ஜப்பானிய அரசாங்கத்துக்கும் தொழில்களுக்கும் ஐரோப்பாவிலே கடன் திரட்டித் தருவதில் அவர் கை ஓங்கியது.

அந்தக் கிம்பர்லிச் சுரங்கத்திலே வேலை செய்த ஆப்பிரிக்கத் தொழிலாளி, ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேலிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தான். வெளியே போகும் நாளில் வைரம் விழுங்கியிருக்கிறானா என்று உடலைச் சோதித்து அனுப்பினார்கள். பாரிசிலே பங்குப் பத்திரம் கைமாறியவருக்கு அந்த வேலி தெரியாது. கானுக்குத் தெரிந்திருந்ததா? அவர் செயலைக் கொண்டுதான் மதிப்பிட முடியும். உலகத்தின் ஐம்பது நாடுகளுக்குப் படப்பெட்டி அனுப்பியவர், தம் செல்வம் பிறந்த அந்தக் குழியை உலகுக்குக் காட்டியவராகப் பெயர் எடுக்கவில்லை. கணக்கிலே இந்தப் பக்கத்தையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆனால் மறுபக்கமும் எழுதவேண்டும். சேர்த்த பணத்தை அந்த மனிதர் தின்று தீர்க்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆடம்பரம் கிடையாது. உலகத்தையே படம் பிடிக்கச் சொன்னவர், தம்மைப் படம் பிடிக்க விடமாட்டார்! அவர் உருவம் தெரியும் படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒரே ஒரு ஆசை, தோட்டம். பாரிசை ஒட்டிய பூலோனிலே நான்கு ஹெக்டேர், நம் கணக்கிலே பத்து ஏக்கர் நிலத்தில் தோட்டம் போட்டார். அதிலே பிரெஞ்சுத் தோட்டம் ஒரு பகுதி, ஆங்கிலத் தோட்டம் ஒரு பகுதி, ஜப்பானியத் தோட்டம் ஒரு பகுதி. தாம் பிறந்த மண்ணை நினைவூட்டும் வோஜ் மலைக்காடு ஒரு பகுதி. வெவ்வேறு நாடுகள் ஒரே சுவருக்குள் சண்டையில்லாமல் இருக்கும் என்று செடிகளை வைத்துச் சொல்லிப் பார்த்தார்.

1898-இல் உலகம் சுற்றும் உதவித்தொகை ஒன்று ஏற்படுத்தினார். இளம் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, உலகைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பணம் கொடுத்து அனுப்புவது. புத்தகத்தை மட்டும் படித்தவன் பிள்ளைகளுக்கு உலகத்தைச் சொல்லித் தரமுடியாது என்பது அவர் துணிபு. 1905-லிருந்து பெண்களுக்கும் அந்த வாய்ப்பு. அந்தக் காலத்துக்கு அது சின்ன காரியம் அல்ல. பிரான்சிலே பெண்ணுக்கு வாக்குரிமை வந்ததே 1944-இல்தான்! அப்படி உதவித்தொகை பெற்றவர்களில் மார்கரித் மெஸ்பூலே என்ற பெண்மணி, 1913-இல் தோழியோடு அயர்லாந்து போய், அந்த நாட்டின் முதல் வண்ணப் படங்களை எடுத்து வந்தார். கால்வே மீனவர் குப்பத்துக் கூரை வீடுகள், சிவப்புப் பாவாடை உடுத்த பெண்கள் என்று எல்லாம் நிறத்தோடு கிடைத்தன.

1908 நவம்பரிலே கான் தாமே உலகப் பயணம் கிளம்பினார். கூடப் போனவர் யார்? பேராசிரியரா, பெரும் கலைஞரா? அவருடைய மோட்டார் ஓட்டி ஆல்பிரெட் துத்தேர்! புறப்படும் முன் அவருக்குப் படப்பிடிப்பு கற்றுக் கொடுத்தார்கள். மோட்டார் யந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்குப் படயந்திரம் எந்த மூலை? அமெரிக்கா, ஜப்பான், சீனம் என்று சுற்றி, 1909 மார்ச்சிலே திரும்பும்போது ஆயிரக்கணக்கான படங்களும் சலனப்படச் சுருள்களும் கையில் இருந்தன. அந்த மாபெரும் சேகரிப்புக்கு அடிக்கல் நாட்டியது ஓர் ஓட்டுநரின் கை.

அதன் பிறகுதான் திட்டம் பெரிதாயிற்று. பூமண்டலத்தின் ஆவணக் களஞ்சியம் என்று பெயர் சூட்டினார். யந்திரமும் ரயிலும் பெருகப் பெருக, பழைய தொழில்கள், உடைகள், வீடுகள், திருவிழாக்கள் எல்லாம் மறையப் போகின்றன. மறையுமுன் பதிந்து வைக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். 1912-இல் ஜான் புரூன் என்ற பூகோளப் பேராசிரியரை இயக்குநராக அமர்த்தினார். மலை எவ்வளவு உயரம், ஆறு எவ்வளவு நீளம் என்பதோடு நிற்காமல், அந்த மலையிலே மனிதன் எப்படி வீடு கட்டுகிறான், அந்த ஆற்றங்கரையிலே எப்படி உழுகிறான் என்று பார்க்கிற பூகோளம் புரூனுடையது. கல்லூரியிலே அதற்கென ஆசிரியர் பதவி ஏற்படுத்தவும் கான்தான் பணம் கொடுத்தார்.

அந்தப் படப்பிடிப்பு வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தொழில் தெரிந்தவர்களுக்கு அதிலே சுவை உண்டு. வண்ணப் படத் தகட்டை லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் இரகசியம் என்ன தெரியுமா? உருளைக்கிழங்கு! உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களை ஆரஞ்சுச் சிவப்பு, பச்சை, ஊதா நீலம் என்று மூன்று சாயத்தில் தோய்த்து, கலந்து, கண்ணாடி மீது பரப்பி அழுத்துவார்கள். ஒளி அந்தத் துகள்களின் வழியே வடிந்து உள்ளே போகும். நிறம் பிறக்கும். ஆனால் தகடு மிகவும் மந்தம். நல்ல வெயிலிலேகூட ஒரு வினாடிக்கு மேல் பிடிக்கும். நிழலிலே இன்னும் நேரம் வேண்டும். அதுவரை ஆள் அசையக்கூடாது. அசைந்தால் ஆவி போலக் கலங்கிவிடும். ஆகவே அந்த வண்ணப் படங்களிலே உலகம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நெசவாளி கையை நிறுத்தியிருக்கிறான். குழந்தை விளையாட்டை விட்டிருக்கிறது.

சலனப்படத்தில் இதற்கு நேர்மாறு. நிறம் இல்லை, அசைவு உண்டு. மூன்று காலிலே பெட்டியை நிறுத்தி, வினாடிக்கு இரண்டு சுற்று வீதம் கையாலேயே சுழற்றவேண்டும். கை தளர்ந்தால் படத்திலே மனிதன் ஓடுவான்; கை விரைந்தால் ஊர்வான். சுருளோ தீப்பற்றும் சரக்கு. அதைத் தூக்கிக்கொண்டு கப்பலிலும் குதிரையிலும் போய், வெயிலிலும் மழையிலும் காப்பாற்றி ஊர் சேர்க்கவேண்டும். ஸ்டெபான் பாசே சீனத்துக்கும் மங்கோலியாவுக்கும் போனார். 1913-14-இல் இந்தியாவுக்கும் வந்தார். ஓகுஸ்த் லியோன் பால்கன் நாடுகளுக்குப் போனார். ரோஷே டுமா 1926-27-இல் ஜப்பானிலே இருந்தார். அங்கிருந்து நம் நாட்டுக் கபூர்தலாவுக்கு வந்தார். முதலாளியின் பெயரை எல்லோரும் சொல்லுகிறார்கள். சுருள் சுமந்தவர்களின் பெயரை நாமாவது சொல்லி வைப்போம்.

அந்தக் காலத்திலேயே உலகக் காட்சிப் படங்களுக்குச் சந்தை இருந்தது. அமெரிக்காவிலே பர்ட்டன் ஹோம்ஸ் மேடையிலே நின்று படம் காட்டி விளக்கவுரை சொல்லிப் பெயரும் பணமும் சேர்த்தார். பின்னால் ஃபிட்ஸ்பாட்ரிக் வந்தார். ஒவ்வொரு ஊருக்கும் பத்து நிமிடப் படம். எங்கே பார்த்தாலும் புன்னகை, பூங்கொத்து, கடைசியிலே அழகான சூரிய அஸ்தமனம். அந்த ஊரிலே பட்டினி உண்டா, பாட்டாளி உண்டா என்று கேட்காதே. சீட்டுக் காசு கொடுத்தாய், பார்த்துவிட்டுப் போ! கானுடைய சுருள்களோ விற்பனைக்கு எடுத்தவை அல்ல. பெரும்பாலானவற்றை ஒட்டிச் சேர்த்து முழுப்படம் ஆக்கவே இல்லை. எடுத்தது எடுத்தபடி கிடந்தன. அதனால்தான் அவற்றிலே பொய்ப் பூச்சு குறைவு.

குறைவு என்றோம், இல்லை என்று சொல்லவில்லை. படம் பிடித்தவர்கள் பல நாடுகளுக்குப் போனது அந்நிய ஆட்சியின் அனுமதியோடு. ஹனாயிலே படமெடுத்த லியோன் பியுசி பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த அதிகாரி. வியத்நாமியனுடைய சந்தை அவர் படத்திலே தெரிகிறது. அந்தச் சந்தைக்காரன் வெள்ளை ஆட்சிக்குக் கட்டிய வரி எந்தப் படத்திலே தெரியும்? 1913-இல் மங்கோலியாவிலே பாசே எடுத்த ஒரு வண்ணப் படம் உலகறிந்தது. மரப்பெட்டி ஒன்று, அதிலே ஒரு துளை, துளை வழியே ஒரு பெண்ணின் தலையும் கையும் வெளியே நீண்டிருக்கின்றன. தண்டனைக் கைதி. என்ன குற்றம் என்று படம் சொல்லவில்லை. பாசே படத்தை எடுத்தார், தகட்டைப் பத்திரப்படுத்தினார், அடுத்த ஊருக்குப் போனார். அந்தத் தகடு பூலோனுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பெண்? பார்ப்பது வேறு, காப்பது வேறு. கானுடைய முயற்சி முழுவதிலும் இந்த முள் இருக்கிறது.

1914-இல் போர் வந்தது. ஒருவரை ஒருவர் கண்டால் பகை ஒழியும் என்று நம்பியவருக்கு, கண்டுகொண்டே கொல்லும் காட்சி கிடைத்தது. அவருடைய ஆட்கள் போர்க்களத்துப் பின்னணியை, இடிந்த ஊர்களை, அகதிகளைப் படம் பிடித்தார்கள். 1919-இல் ஆகாயக் கப்பலிலிருந்து எடுத்த சுருள் ஒன்று களஞ்சியத்திலே உண்டு. கூரையில்லாச் சுவர்கள், குழி குழியாய்ப் போன வயல்கள் என மேலிருந்து பார்த்தால் ஊர்கள் பல் போன தாடை போலத் தெரிகின்றன. அவர் பிறந்த அல்சேஸ் பிரான்சுக்குத் திரும்பியது. அதற்கு இரு தரப்பிலும் விழுந்த பிணங்களை எண்ணிப் பார்த்தால், அவர் மகிழ்ந்திருக்க முடியும் என்று தோன்றவில்லை. அரசாங்கங்களின் உரிமைகளும் கடமைகளும் பற்றி 1918-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார்.

போருக்குப் பின் பூலோன் மாளிகையிலே உலகப் பெரியவர்கள் கூடினார்கள். 1921-இல் இரவீந்திரநாத் தாகூர் வந்தார். தோட்டத்திலே அவரை வண்ணத்தில் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. அறிஞர்கள், அமைச்சர்கள், தூதர்கள் எல்லோரும் தோட்டத்திலே உலாவிவிட்டு, திரையிலே தூர தேசத்துத் தெருக்களைப் பார்த்தார்கள். உலகை ஆள்பவர்கள் உலகைத் தெரிந்துகொண்டால் போதும், நல்லது நடக்கும் என்பது கானின் கணக்கு. நம் பார்வையிலே அவர் சறுக்கிய இடம் இதுதான். மேலே இருப்பவனுக்குக் காட்டினார். கீழே இருப்பவனுக்குக் காட்டவில்லை. சீனத்துச் சுமைகூலியைப் பிரெஞ்சு அமைச்சர் பார்த்தார். பிரெஞ்சுச் சுமைகூலி பார்க்கவில்லை.

பார்க்கவேண்டியவன் தூரத்திலும் இல்லை. அந்தத் தோட்டச் சுவருக்குக் கொஞ்ச தூரத்திலே, அதே ஊரில், சேன் ஆற்றங்கரைப் பியான்கூரிலே ரெனோ மோட்டார் தொழிற்சாலை. கான் பாங்கி தொடங்கிய அதே 1898-இல்தான் ரெனோவும் அங்கே தன் முதல் மோட்டாரைச் செய்தார். கொட்டகை தொழிற்சாலை ஆயிற்று. தொழிற்சாலை நகரம் போல ஆயிற்று. ஆயிரமாயிரம் பேர் சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் வெளியே வந்தார்கள். அவர்களுக்கு டோக்கியோவும் தெரியாது, பெனாரசும் தெரியாது. பக்கத்துத் தெருவிலே அவை பெட்டியிலே உறங்குவதும் தெரியாது.

1929 அக்டோபரிலே நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. பங்கிலே வந்த செல்வம் பங்கிலே போயிற்று. கான் இரண்டு ஆண்டு தட்டுத் தடுமாறினார். 1930-இல் புரூன் காலமானார். 1931-இல் படப்பிடிப்பு நின்றது. ஆட்களை அனுப்பிவிட்டார்கள். பாங்கி முறிந்தது, சொத்துக்கள் கடன்காரர் கைக்குப் போயின. தோட்டமும் படங்களும் துண்டு துண்டாய்ச் சிதறியிருக்க வேண்டியவை. 1936-இல் சேன் மாவட்ட நிர்வாகம் அவற்றை வாங்கியது, சேகரிப்பு பிழைத்தது. தாம் கட்டிய வீட்டிலே இறுதிவரை குடியிருக்க அந்தக் கிழவருக்கு அனுமதி கிடைத்தது.

அந்த 1936 பிரான்சின் தொழிலாளி மறக்காத ஆண்டு. மே மாத இறுதியிலே ரெனோ தொழிலாளர்கள், 30,000-க்கு மேற்பட்டவர்கள், யந்திரங்களை நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். நாடெங்கும் வேலைநிறுத்தம். ஜூனிலே வாரம் 40 மணி நேர வேலைச் சட்டமும், ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறைச் சட்டமும் வந்தன. அந்தக் கோடையிலே மிதிவண்டியிலும் மூன்றாம் வகுப்பு ரயிலிலும் ஏறிப் போய், வாழ்நாளிலே முதன்முறையாகக் கடலைப் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ! ஒரு பணக்காரர் முப்பது ஆண்டு பணம் கொடுத்துச் சிலரை உலகம் சுற்ற அனுப்பினார்; வேலைநிறுத்தம் ஒரே கோடையிலே இலட்சக்கணக்கானவர்களைக் கடற்கரைக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு, 1937-இல், கானின் தோட்டக் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. பியான்கூர்த் தொழிலாளி பிள்ளை குட்டிகளோடு ஜப்பானியப் பாலத்தின்மேல் நடக்கலாம் என்றாயிற்று.

1940 ஜூனிலே ஹிட்லரின் படை பாரிசுக்குள் நுழைந்தது. அக்டோபரிலே, பிரெஞ்சு அரசாங்கமே யூதர்களுக்கு எதிரான சட்டம் போட்டது. பதவியும் தொழிலும் பறிக்கும் சட்டம். எண்பது வயது ஆல்பர் கான், எல்லைக்கோடு ஒன்று மாறியபோது சிறுவனாக இருந்தவர், அதைவிடக் கொடிய மாற்றத்தைக் கண்டுவிட்டு, நவம்பர் 14-ஆம் நாள் இரவோடு இரவாக மறைந்தார். நாற்பது ஆண்டு உலகத்தைத் தம் வீட்டுக்கு அழைத்தவரின் வாசலிலே அந்நியப் பட்டாளம் நின்ற காலம் அது. இரண்டு மாதம் கழியுமுன், 1941 ஜனவரியிலே, நண்பர் பெர்க்சனும் போனார்.

தகடுகளும் சுருள்களும் பெட்டிகளிலே கிடந்தன. நெடுங்காலம் அவற்றைப் பற்றி வெளியுலகம் அதிகம் பேசவில்லை. 1980-களிலே அருங்காட்சியகம் அமைந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமாவின் அமைப்பிலே புதுக் கட்டடம் எழுந்து 2022 ஏப்ரலிலே திறக்கப்பட்டது. பல்லாயிரம் படங்களை யாரும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கும்படி இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் குறிப்பு உண்டு. ஊர் இருக்கிறது, தேதி இருக்கிறது, படமெடுத்தவர் பெயர் இருக்கிறது. படத்திலே நிற்கிற நெசவாளிக்கும் மீனவப் பெண்ணுக்கும் பெரும்பாலும் பெயர் இல்லை.